யாரும் கேட்காத சம்மதம்

ஜூன் 7, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. பொருந்துகிறது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணிக்குத்தான் போன் வந்திருக்கிறது. நான் பனியன் கம்பெனியில் இருந்தேன். செக்கிங் டேபிளில் வெள்ளை டீ-சர்ட் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை ஓடுகிற நாளில் போனைத் தொடக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்பவளே நான்தான். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் வரிசையாக அண்ணியின் அழைப்புகள்.

"கலா, உன்ர கிட்னி சேருதாம்! அந்தச் செல்லாண்டியம்மா கண்ணத் தொறந்துட்டா!" அண்ணி அழுதுகொண்டே பேசினார். பக்கத்தில் சௌமியா "அத்தை, தேங்க்ஸ் அத்தை" என்று கத்தினாள்.

"சந்தோசம் அண்ணி" என்றேன்.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. அண்ணிக்குச் சர்க்கரை, தர முடியாது. சௌமியாவுக்குப் பதினெட்டே ஆகவில்லை. மிச்சம் இருப்பது தங்கச்சி நான்தான். தருவாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. கல்யாணமான வருடமே நான் கணவர் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியபோது, அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியைத் தூக்கி வைத்தார். "ஏறு" என்றார். மாடி அறையைக் காலி செய்து கொடுத்தார். ஏன் வந்தாய் என்று இன்று வரை கேட்டதில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நாலு பேர் முன்னால் அழ மாட்டேன். ஒன்றைச் செய்கிறேன் என்றால் செய்துவிடுவேன். என்னைப் பற்றி இவ்வளவு எனக்குத் தெரியும். அதனால் இதில் யோசிக்க எதுவும் இல்லை.

சாயங்காலம் ஆற்றுத் தண்ணீர் வந்தது. மாடித் தொட்டியை நிரப்பினேன்.

ஜூன் 9, ஞாயிறு

வீடு நிறைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள். அண்ணியின் பெரியண்ணன் தாராபுரத்திலிருந்து பழக்கூடையோடு வந்திருந்தார்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடியே வரவேற்றார். "வாங்க மச்சா. காப்பி குடிங்க. என்ர பங்கையும் நீங்களே குடிச்சுருங்க, எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல தண்ணி ஆகாதுன்னு கோர்ட்டு ஆர்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்குக் கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

அண்ணியின் அண்ணன் என் தலைமேல் கையை வைத்தார். "அம்மணி, நீ தெய்வம். ஒரு கணக்குல பார்த்தா உனக்குக் குடும்பம் குட்டின்னு இல்லாததும் நல்லதாப் போச்சு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் எனக்குத் தலைவலி. வெயில் அதிகம்.

ஜூன் 12, புதன்

அண்ணி காலையில் மாதுளை உரித்துக் கொடுக்கிறார். இரண்டு முட்டை. சாயங்காலம் ஆட்டுக்கால் சூப். டிபன் பாக்ஸைத் திறந்ததும் என் டேபிள் பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா தினமும் விருந்து?"

சொன்னேன்.

"அப்ப சரிதான். கெடா வளக்கறாங்க. மாலை போடற அன்னிக்குச் சொல்லுங்க, நானும் பாத்தரம் எடுத்துட்டு வர்றேன்."

டேபிளே சிரித்தது. நானும் சிரித்தேன். பாக்கியத்துக்கு வாய் நீளம், மனசு சுத்தம்.

மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் ஒரு பீஸைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். தோள்பட்டைத் தையலுக்குக் கீழே ஒரு ஓட்டை. என் முத்திரை குத்தியிருந்தது. பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. எனக்கு இப்படி நடந்ததில்லை.

ஜூன் 19, புதன்

கோயமுத்தூர். நானும் அண்ணியும் போனோம். ரத்தம், ஸ்கேன், நெஞ்சுப் படம் எல்லாம் சரி. பிரஷர் மட்டும் கூட. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தோம், அதனாலிருக்கும் என்றேன். உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். இன்னும் கூடியிருந்தது.

டாக்டர் ரேணுகாதேவி சின்ன உருவம். நிதானமாகப் பேசுகிறார். "பயமா இருக்கா?"

"இல்லீங்க டாக்டர்."

"அவளுக்குப் பயமா?" என்று அண்ணி முந்திக்கொண்டார். "எங்க வீட்லயே தைரியசாலி இவதானுங்க."

டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டே எழுதினார். பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னார். இருதயம் தளர்ந்துகொண்டே வருகிறதாம். இப்போது செய்தால் தாங்கும். தள்ளிப்போனால் மயக்க மருந்து கொடுக்கவே முடியாமல் போகும். ஆவணிக்குள் முடித்தாக வேண்டும். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்குப் பதிந்து வைக்கலாம், ஆனால் வரிசை வருடக்கணக்கில் நிற்கிறது.

திரும்பி வரும்போது அண்ணி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சூலூர் தாண்டும் வரை நான் அசையவில்லை.

ஜூன் 20, வியாழன்

சூப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். உப்பு அதிகம்.

ஜூன் 23, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் கோவிலில் பூக் கேட்டுவிட வேண்டும் என்று அண்ணி சொன்னார். எங்கள் வீட்டில் கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது, பெண் எடுப்பது எதுவும் செல்லாண்டியம்மனிடம் கேட்காமல் நடந்ததில்லை. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். வெள்ளைதான் வந்தது.

அண்ணனுக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு கிடையாது. வழக்கமாகக் கேலிதான் பேசுவார். இன்று உடனே சரி என்றார். "ஆனா பொட்டலத்தைக் கலாதான் கட்டோணும்."

"பூசாரி கட்டறதுதான வழக்கம்?"

"குடுக்கறது அவ. அவளே கட்டட்டும். இல்லீன்னா நான் வரல."

அண்ணி நாள் பார்க்கக் காலண்டரை எடுத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

கோவில் ஆற்றுக்கு மேற்கே, கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கார் போகாது. கடைசி வரப்பில் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்றார். நிற்கும்போதெல்லாம் கரும்பைப் பற்றி ஏதாவது சொன்னார், மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க.

வேலியோரம் இரண்டு அரளியும் பூத்திருந்தன. நானே பறித்தேன். மண்டபத்து மூலையில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்று பூசாரி சொன்னார். வாழையிலைத் துண்டில் பூவை வைத்து, துளி விபூதி போட்டு, மடித்து, நாரால் கட்டினேன். இரண்டும் ஒரே அளவாக வரும்படி பார்த்துக்கொண்டேன். பூசாரி வாங்கித் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். அவருடைய பேத்தி, மூக்கொழுக நின்ற சின்னப் பெண், ஒன்றை எடுத்து நீட்டியது.

பிரித்தார். சிவப்பு.

"ஆத்தா உத்தரவு இல்லீங்க" என்றார் பூசாரி. ஒரே காரியத்துக்கு மறுபடி கேட்க மூன்று மாதம் போக வேண்டுமாம். அது ஆவணி தாண்டி, புரட்டாசி.

அண்ணி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன்தான் முதலில் பேசினார். "செரி. ஆத்தா தீர்ப்புக்கு மேல அப்பீலா? எந்திரி தேவகி, பசிக்குது."

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். பூசாரி அதை என் கையில் கொடுத்தார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

வரப்பில் நடக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டார். "அழுகாத கலா. உன்ர மனசு ஆத்தாளுக்குத் தெரியாதா?"

ஜூன் 29, சனி

நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அலாரம் அடித்ததே தெரியவில்லை. கம்பெனிக்கு லேட்.

ஜூலை 2, செவ்வாய்

லீவு போட்டு அண்ணனை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். செவ்வாய், வியாழன், சனி. இனி அண்ணியும் நானும் மாற்றி மாற்றிப் போவதாகப் பேச்சு. மெஷினில் போடும் முன் எடை பார்த்தார்கள். ஏறியிருந்தது. நர்ஸ் திட்டினாள். "ஐயா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிக்கலீங்க சிஸ்டர். குடிக்கற மாதிரி கனாக் கண்டேன். அதையும் எடை போட்டுட்டீங்களா?"

நடுவில் அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நான் பிடித்துவிட்டேன். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்ர கம்பெனில இப்ப என்ன ஆர்டர் ஓடுது?" என்று கேட்டார். குழந்தைத் துணி என்றேன்.

அண்ணி இறந்தவர்களின் கிட்னிக்கு ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்துவிட்டார். ரசீதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

பாக்கியம் ஒரு பிரஷர் மெஷின் வைத்திருக்கிறாள், அவள் மாமியாருக்கு வாங்கியது. நேற்று கம்பெனிக்குக் கொண்டுவந்திருந்தாள். விளையாட்டாகப் பார்த்தோம். எனக்குச் சரியாக இருந்தது.

ஜூலை 6, சனி

ஊக்கு தேடிப் பையைக் கவிழ்த்தேன். பொட்டலம் விழுந்தது. மறந்தே போயிருந்தேன். இலை காய்ந்து, நார் தளர்ந்து, ஓரம் தானாகவே விரிந்திருந்தது.

உள்ளே இருந்ததும் சிவப்பு.

வாடினால் வெள்ளரளியும் பழுத்து நிறம் மாறும் என்று ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரே வெள்ளையில் நாலு ஷேடு பிரிப்பவள் நான். இது செவ்வரளி. இதில் சந்தேகப்பட இடமில்லை.

அன்று நடந்ததை முதலிலிருந்து யோசித்தேன். வேலியில் வெள்ளையைப் பறித்தது ஞாபகம் இருக்கிறது. காம்பில் பால் வடிந்து விரலில் ஒட்டியது. மண்டபத்தில் உட்கார்ந்தது, இலையைக் கிழித்தது, விபூதி போட்டது எல்லாம் இருக்கிறது. வெள்ளையைக் கையில் எடுத்ததும் இருக்கிறது. அதை இலையில் வைத்தது மட்டும் இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

வேண்டுமென்று செய்தேனா? செய்யவில்லை. தெரியாமல் நடந்ததா? பறித்தது நிறத்துக்கொரு பூ. இரண்டாவது சிவப்பு தானாக மடிக்கு வராது. எழுந்து போய்ப் பறித்திருக்க வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

துணி துவைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

இன்று என் முறை. அண்ணனை மெஷினில் போட்டு நர்ஸ் நகர்ந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணா, பூக் கேட்டது செல்லாது. நான் தப்பாக் கட்டிட்டேன். ரெண்டுலயும் சிவப்பு."

அவர் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்? பிரிக்கவே இல்லையே."

"பொட்டலத்தப் பார்த்தா தெரியும்? உன்னப் பார்த்தாத் தெரியும்." சிரித்தார். "வாயால நீ சொல்ல மாட்டீன்னு எனக்குத் தெரியும் கலா. கையாலயாவது சொல்லட்டும்னுதான் உங்கிட்டக் கட்டக் குடுத்தேன். நீயும் சொல்லிட்ட. நல்லாவே சொல்லிட்ட. ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு."

"நான் தெரிஞ்சு பண்ணலண்ணா."

"தெரிஞ்சு பண்ணியிருந்தா உங்கிட்ட இப்படிப் பேசியிருக்க மாட்டனே."

"எனக்குச் சம்மதம். நான் தர்றேன். மறுபடி கேட்க வேண்டாம், அண்ணிகிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம் அம்மணி. நம்ம அம்மா இடுப்புல உன்னத் தூக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல இருந்து பார்க்கறேன். நீ ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல. அப்படிப்பட்டவ சொல்ற சரிக்கு என்ன மதிப்பு? எல்லாக் கதவும் தொறந்தே கெடக்கற வூட்டுக்கு வாங்கன்னு ஒருத்தன் கூப்படோணுமா?"

அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்குவது போல நடித்தார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

கோபமாக வருகிறது. என் மனதில் என்ன இருக்கிறது என்று அவர் எப்படிச் சொல்லலாம்? சின்ன வயதிலிருந்து அவர் பார்த்தது என் வெளிப்பக்கம்தான். கணவர் வீட்டிலிருந்து வந்தபோது என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்காதவருக்கு என்ன தெரியும்?

நான் சம்மதிக்கிறேன். என் சம்மதத்தை நான்தானே சொல்ல வேண்டும்?

இதை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஜூன் ஏழாம் தேதியும் இதே உறுதியோடுதான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணியிடம் சொல்லிவிட்டேன், பொட்டலம் கட்டியதில் தவறு நடந்துவிட்டது என்று. எப்படி என்று அவர் கேட்கவில்லை. கை தவறியிருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். துள்ளி எழுந்தார்.

"அப்ப ஆத்தா வேண்டாங்கல! நான் அப்பவே நெனச்சேன். உன்ர வெசனத்துல கை நடுங்கியிருக்கும். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத கலா."

நேராக அண்ணனிடம் போனார். அண்ணன் வேண்டாம் என்றார். அண்ணி கெஞ்சினார், திட்டினார், சௌமியாவை முன்னால் நிறுத்தி அழுதார். "பொண்ணு கல்யாணத்தப் பார்க்க வேண்டாமா உங்களுக்கு?" அண்ணன் சௌமியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றே சொன்னார். காரணம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அண்ணி மாடிக்கு வந்தார். "நீ சொன்னாத்தான் கேட்பாரு. நீ கேளு கலா."

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய் சுடும் வாசனை தெருவெல்லாம். நான் தனியாகக் கோயமுத்தூர் போனேன்.

டாக்டர் ரேணுகாதேவி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "உங்களைத் தனியாப் பார்க்கணும்னு நானே இருந்தேன். தானம் பண்றவங்க எல்லார்கிட்டயும் இதைச் சொல்லுவேன். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா எங்கிட்டச் சொன்னாப் போதும். உடம்பு ஒத்து வரலைன்னு நாங்களே வீட்ல சொல்லிடுவோம். வேற எதுவும் வெளியே போகாது."

"எனக்குச் சம்மதங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமாங்க. எழுதிக் குடுக்கறேன். வீடியோ எடுப்பீங்கன்னு சொன்னாங்க, அதுலயும் சொல்றேன்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "உங்க அண்ணன் திங்கட்கிழமை எனக்குப் போன் பண்ணினார். தங்கச்சிகிட்ட இருந்து வாங்கிக்க மாட்டேன்னார். அவர் வேண்டாம்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"நீங்க சொல்லுங்க டாக்டர். நான் நெசமாத்தான் சொல்றேன்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

"அது நெசம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். என்னிடம் இருக்கும் சாட்சி என் வாய் ஒன்றுதான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 20, சனி

காலையில் அண்ணனுக்கு மூச்சுத் திணறல். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் தண்ணீர். அவசரமாக மெஷினில் போட்டு எடுத்தார்கள். டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் கை ரத்தக் குழாயும் அடைத்துக்கொண்டிருக்கிறது. கழுத்தில் ட்யூப் போட்டிருக்கிறார்கள். இருதயம் இன்னும் இறங்கியிருக்கிறது. "இன்னும் ஒரு மாசம், அதுக்குள்ள முடிவு பண்ணுங்க" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அண்ணி காரிடாரில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அவர் பேசும் நிலைக்கு வந்ததும் நான் உள்ளே போனேன். கெஞ்சினேன். இதற்கு முன் அவரிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு பேசினார். "செரி. ஒண்ணு பண்ணு. என்ர மொகத்தப் பார்த்து ஒருக்கா மாட்டேன்னு சொல்லு. மனசாரச் சொல்லோணும். அதுக்கப்பறம் சரின்னு சொல்லு. அந்தச் சரிய நான் நம்பறேன். மறுநாளே கோயமுத்தூர் போலாம்."

"இதென்னண்ணா விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல. இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சவ குடுத்தா வாங்கிக்கலாம். தெரியாதவகிட்ட வாங்குனா அது திருட்டு."

உடனே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நாலெழுத்து. வரவில்லை. அவர் உதடு இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

ஜூலை 22, திங்கள்

சொல்லிப் பழக வேண்டும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். யாரோ சொல்வது போல இருந்தது.

கம்பெனியில் சூப்பர்வைசர் வந்தார். "கலாமணிக்கா, ஞாயித்துக்கெழமை ஓவர்டைம் வருவீங்கள்ல?" நல்ல சந்தர்ப்பம்.

"வர்றனுங்க" என்றேன்.

பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணன் ஆஸ்பத்திரில கெடக்காரு, இவங்க ஞாயித்துக்கெழமை வர்றாங்களாம்! ஏக்கா, உங்களுக்கு அந்த வார்த்தையே சொல்லிக் குடுக்கலியா?"

"நீ எப்படிச் சொல்லுவ?"

"எங்க மாமியாகிட்டக் கேளுங்க. தினம் காலைல பல்லு வெளக்கறதுக்கு முந்தி ஒருக்காச் சொல்லிருவேன்."

மாமியார் வீட்டிலிருந்தபோது நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேனே என்று அப்புறம் தோன்றியது. அங்கே இருக்க மாட்டேன் என்று. யோசித்துப் பார்த்தால் அதுவும் நேரில் சொன்னது இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அனுப்பியது.

ஜூலை 25, வியாழன்

நேற்றுதான் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று டயாலிசிஸுக்குத் தானும் வருகிறேன் என்றார் அண்ணி. வேண்டாம், நான் பேச வேண்டியிருக்கிறது என்று நிறுத்திவிட்டேன்.

இப்போது கழுத்து ட்யூப் வழியாகத்தான் ரத்தம் போய் வருகிறது. தலையைத் திருப்பக் கூடாது. அதனால் நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவர் பார்வை படும் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"என்ன, பரிச்சைக்குப் படிச்சுட்டு வந்துட்டியா?"

"அண்ணா, நான் மாட்டேன்."

"இது மனப்பாடம். இன்னொருக்கா."

"மாட்டேன்."

"ம்."

"மாட்டேண்ணா. தர மாட்டேன்." அவ்வளவுதான் சொல்வதாக இருந்தேன். அடுத்தது சரி என்பது. ஆனால் நிற்கவில்லை. "கத்தி வெக்கறதுக்குப் பயமில்ல. நான் இருக்கற ரூம் உங்குளுது. திங்கற சோறு உங்குளுது. சம்பளத்த அண்ணிகிட்டத்தான் குடுக்கறேன். தீபாவளிச் சேல கூட அண்ணி எடுக்கறதுதான். ஒடம்பு ஒண்ணுதான் என்ர கிட்ட இருக்குது. அதையும் எல்லாருமாச் சேர்ந்து எடுத்து வெச்சுட்டாங்க. ஒருத்தராவது கேட்டாங்களா? நீங்க கேட்டீங்களா? அன்னிக்குப் பெட்டியத் தூக்குனீங்களே, ஏன் கலா, என்ன பண்ணுனாங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்காம இருக்கறதுதான் பாசம்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி எங்களைப் பார்த்தாள். என் குரல் அவ்வளவு உயர்ந்திருக்கிறது. இவற்றில் ஒரு வரியைக்கூட நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சொல்லிக் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. இருந்தும் அது அத்தனையும் உண்மை.

அண்ணனுக்குக் கண்ணில் நீர் கோத்திருந்தது. துடைக்கக் கை வரவில்லை. நான் துடைத்தேன்.

"கேட்டிருக்கோணும்" என்றார். "தப்புத்தான்." பிறகு, "அடேங்கப்பா, பேசத் தெரியுது. இத்தன நாளா ஊமைன்னுல்ல நெனச்சுச் சோறு போட்டிருக்கறேன்" என்றார்.

நானும் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

"செரி. இப்ப நான் நம்பறேன். அந்த இன்னொண்ணச் சொல்லு."

வாயைத் திறந்தேன்.

அவர் காத்திருந்தார். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து எதையோ குறித்துக்கொண்டு போனாள். எனக்கு அண்ணன் வேண்டும். அவர் செத்துப்போகக் கூடாது. இதுவும் உண்மை, மேலே சொன்னதற்குக் குறையாத உண்மை. அதைச் சொன்னால் போதும், மீதி தானாக வரும் என்று நினைத்தேன். சரி என்பது வரவில்லை. முப்பது நாற்பது வருடமாகக் கேட்காமலே வந்துகொண்டிருந்த வார்த்தை.

"அவசரமில்ல" என்றார் அண்ணன்.

அவர் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக் காத்திருந்தது போலவும் இருந்தது, சொல்ல மாட்டேன் என்று தெரிந்து எனக்குத் துணையாக இருந்தது போலவும் இருந்தது.

மெஷின் கூவியது. நேரம் முடிந்துவிட்டது. நர்ஸ் வந்து மெஷினிலிருந்து ட்யூபைக் கழற்றினாள். நான் எழுந்து அவர் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் கீழே இறங்கியபோது அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. முன்னால் ஸ்டூல் போட்டுத் தலையணையை வைத்து அதன்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தார்.

அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "பேசுனியா? அவுரு என்ன சொன்னாரு?"

"நான் சொன்னா வாங்கிக்கறேன்னு சொன்னாரு."

அண்ணி இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்! நான் அப்பவே சௌமியாகிட்டச் சொன்னேன், அத்தை பேசுனா அப்பா எறங்கி வந்துருவாருன்னு. இப்பவே கோயமுத்தூருக்குப் போன் பண்ணட்டுமா?"

"இல்ல அண்ணி."

"ஏன்?"

"நான் இன்னும் சொல்லல."

அவர் கை என் கன்னத்திலேயே இருந்தது. புரியாமல் பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கையை எடுக்கவில்லை. முதல் தடவையாகக் கேட்டார்.

"தருவியா, கலா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.